கேட்காமல் கொத்திய மரங்கொத்தி

நாணல் குளத்தின் கரையில் ஒரு மொட்டைப் பனை நின்றது. அதில் டொக்கன் என்ற மரங்கொத்தி குடியிருந்தது. பூச்சி பிடிப்பது அதன் பிழைப்பு. ராப் பாடுகிறவர்களைப் பற்றி எழுதுவதுதான் அதற்கு உயிர்.

அந்தக் காட்டில் பாட்டு என்றால் குயில் சபைதான். இழுத்துப் பாடினால் பாட்டு, இழுக்காமல் பாடினால் கூச்சல். இது சபையின் சட்டம். தாளத்துக்கு வார்த்தையை அடுக்கி, பட்டதைப் பட்டபடி சொல்லும் ராப்காரர்களைச் சபை வாசலில்கூட நிற்க விடவில்லை. "குயில் குஞ்சை வளர்ப்பது யார்?" என்று ஒரு தவளை பாட்டில் கேட்டதிலிருந்து குயில்களுக்குக் கோபம் இன்னும் அதிகம்.

டொக்கனுக்குச் சபையும் வேண்டாம், சபை தரும் பழமும் வேண்டாம். தனக்குப் பிடித்த புதுப் பாடகர்களைப் பற்றி, அந்தப் பனையின் உடம்பிலேயே அலகால் கொத்தி எழுதியது. யாரும் கேட்காத குரலைத் தேடிப் போகும். வழக்கமாக மூன்று முறை கேட்கும். முதல் முறை தாளத்துக்கு, இரண்டாம் முறை சொல்லுக்கு, மூன்றாம் முறை சும்மா. அதன் பிறகுதான் அலகை மரத்தில் வைக்கும்.

ஆரம்பத்தில் அதற்கு ஒரே ஒரு வாசகர். அது ஒரு சருகுமான். முயல் அளவே உடம்பு, குச்சி போல நாலு கால். தினமும் காலையில் வந்து, பனையைச் சுற்றிச் சுற்றிப் படிக்கும். புதிதாக ஒன்றும் இல்லாவிட்டால் பழையதையே படிக்கும்.

"அண்ணே, நீங்க நல்லா இருக்குன்னு எழுதினா நான் கண்ண மூடிக்கிட்டுப் போய்க் கேப்பேன்!" என்று சொல்லும்.

ஒருநாள் டொக்கன் ஒரு வாய்க்கால் தவளையைப் பற்றி எழுதியது. காடே திரண்டு போய்க் கேட்டது. தவளை ஒரே மழையில் பெரிய ஆளாகிவிட்டது. பெரிய ஆளானதும் செய்யவேண்டிய முதல் வேலையையும் தவறாமல் செய்தது. டொக்கனின் பெயரை மறந்தது.

அது போகட்டும். காகம் செய்ததுதான் டொக்கனுக்குத் தாங்கவில்லை. காகமும் ஆலமரத்தில் உட்கார்ந்து பாட்டு விமரிசனம் செய்து வந்தது. அது எதையும் கேட்காது. பனையில் இருப்பதைப் படித்துவிட்டு வந்து உரக்கக் கத்தும், அவ்வளவுதான். "தவளையை முதலில் கண்டுபிடித்தது நாங்களே! கா! கா!" என்று ஏழு நாள் கத்தியது. எட்டாம் நாள் காடு அதை நம்பிவிட்டது.

டொக்கனுக்கு வயிறு எரிந்தது. 'அடுத்த பாடகரை நான்தான் முதலில் சொல்வேன். காகம் வாயைத் திறப்பதற்கு முன்னால் சொல்வேன்!' என்று கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு சபதம் போட்டது. நல்ல பாட்டைத் தேடிக்கொண்டிருந்த பறவை அன்று முதல் முதலிடத்தைத் தேட ஆரம்பித்தது.

அந்த நேரத்தில்தான் வெள்ளம் வந்து வடிந்தது. போகிற போக்கில் ஒரு முதலையைக் குளத்தில் விட்டுவிட்டுப் போனது. முதலை வந்ததை இரண்டே பேர் பார்த்தார்கள். ஒன்று நரி. இன்னொன்று, கரையில் கூழாங்கல் நடுவே நாலு முட்டை இட்டுக் காவல் இருந்த ஆட்காட்டிக் குருவி.

ஆட்காட்டிக்கு ராப் தெரியும். கரையில் யார் வந்தாலும், யார் போனாலும் பாட்டாகக் கட்டிவிடும். முதலையைப் பார்த்த அன்றே பனைக்கு ஓடிவந்தது.

"அண்ணே, புதுசா ஒண்ணு கட்டியிருக்கேன். கொஞ்சம் கேக்கிறீங்களா?"

"சீக்கிரம் பாடு, எனக்கு நிறைய வேலை இருக்கு" என்றது டொக்கன். வேலை ஒன்றும் இல்லை. காகம் என்ன செய்கிறது என்று எட்டிப் பார்ப்பதுதான் வேலை.

ஆட்காட்டி ஒற்றைக் காலால் தாளம் தட்டிப் பாடியது:

"கட்டைக்குக் கண்ணு ரெண்டு, கண்டேன் நான் காலையில!
கட்டை அது நகருதய்யா காத்தில்லாத வேளையில!
தண்ணியில குமிழி வந்தா தவளைன்னு நெனைக்காத!
தாகமுன்னு கிட்டப் போயித் தலையத் தூக்கிக் குடுக்காத!"

டொக்கன் தலையைச் சாய்த்துக்கொண்டு யோசித்தது. பெரிய விமரிசகர் அல்லவா!

"கட்டைன்னு சொல்றியே, அது குயில் சபையத்தான சொல்ற?"

"இல்லண்ணே. கட்டைன்னா கட்டை மாதிரிக் கிடக்கு. அதுக்குக் கண்ணு இருக்கு."

"புரியுது. அதிகாரம் நம்மள உத்துப் பாக்குது, அதானே?"

"ஐயோ, முதலை பாக்குதுண்ணே!"

"உருவகம் சரியில்ல" என்று தீர்ப்புச் சொன்னது டொக்கன். "குமிழி, கட்டை எல்லாம் பழசு. இன்னும் கொஞ்சம் ஆழமா எழுதிட்டு வா."

மூன்று முறை கேட்கிற பறவை, ஒரு முறைகூட முழுசாகக் கேட்கவில்லை. ஆட்காட்டி முகம் வாடிப்போய்க் கரைக்குத் திரும்பியது.

அது போன கொஞ்ச நேரத்தில் நரி வந்தது. நரியின் கழுத்தில் ஒரு தாமரைத் தண்டு மாலை. முதலை சாப்பிட்டு மிச்சம் வைப்பதில் பாதி தனக்கு என்று அது ஏற்கனவே பேசி முடித்திருந்தது.

"வணக்கம் சார்! நான் எம்.சி. ஆழத்தோட மேனேஜர்!" என்றது நரி.

"யார் அது எம்.சி. ஆழம்?"

நரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டது. "என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? தண்ணிக்கு அடியில ராப் பாடுற ஒரே கலைஞர்! அதோ பாருங்க, குமிழி! ஒவ்வொரு குமிழியும் ஒரு வரி!"

குளத்தின் நடுவே இரண்டு குமிழி வந்து உடைந்தது. முதலை மூச்சு விட்டது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே?"

"அதான் சார் ஸ்டைல்! சாதாரண காதுக்குக் கேக்காது. உங்கள மாதிரி ஆளுக்குத்தான் கேக்கும்."

டொக்கன் அவசரமாகத் தலையாட்டியது. "ஆமா, ஆமா. இப்ப லேசா கேக்குது. ஆனா மூணு தரம் கேக்காம நான் எழுதுறதில்லையே."

"கேளுங்க சார், தாராளமா! நாளைக்குக் காலையில கரையில கச்சேரி. எல்லாரும் கேக்கும்போது, காகத்துக்குப் பக்கத்துல உக்காந்து நீங்களும் கேக்கலாம்." நரி திரும்பி நடந்துகொண்டே சொன்னது: "காகம் இப்பவே வாயத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்குது. உங்களுக்கு முதல்ல சொல்லலாம்னு பாத்தேன். பரவாயில்ல."

"நில்லுங்க!" என்றது டொக்கன்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். டொக்கன் ஆழம் தெரியாமல் அலகையே விட்டது. பனையின் முகப்பில், எல்லோருக்கும் தெரியும் இடத்தில், கொட்டை எழுத்தில் கொத்தியது:

"முதன்முதலாக இங்கே! எம்.சி. ஆழம்! மௌனத்தையே இசையாக்கிய மேதை! இந்தத் தலைமுறையின் குரல்! கரை ஓரமாக வந்து, கழுத்தை நீட்டி, கண்ணை மூடிக் கேட்கவேண்டிய கலை!"

கடைசி வரி நரி சொல்லிக் கொடுத்தது. டொக்கனுக்கு அந்த வரிதான் ரொம்பப் பிடித்திருந்தது.

மறுநாள் காலை காடே கரையில் கூடிவிட்டது. முயல்கள் வந்தன, முள்ளம்பன்றி வந்தது, மயில் வந்தது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்று பனையில் எழுதியிருந்தால், சட்டியோடு வந்து நிற்பவர்கள் அவர்கள். காகமும் வந்தது. "எம்.சி. ஆழத்தை நாங்கள் சின்ன வயசிலிருந்தே கேட்கிறோம்!" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டது.

எல்லோருக்கும் முன்னால், ஈரச் சேற்றில் காலை ஊன்றி, சருகுமான் நின்றது. பனையில் சொன்னபடியே கழுத்தை நீட்டியிருந்தது. சொன்னபடியே கண்ணையும் மூடியிருந்தது.

குளத்தில் குமிழி வந்தது. "ஆஹா!" என்றது கூட்டம்.

"ஆரம்பமே அருமை!" என்று மயில் கண்ணை மூடிக்கொண்டது. மற்றவர்களும் மூடிக்கொண்டார்கள்.

அப்போது ஆட்காட்டி கூட்டத்தின் தலைக்கு மேலே பறந்து பறந்து கத்தியது. "கட்டைக்குக் கண்ணு ரெண்டு! பின்னால வாங்க! பின்னால வாங்க!"

"ச்சூ! கச்சேரி நடக்கிறது தெரியவில்லையா?" என்று முள்ளம்பன்றி முள்ளை விரித்தது.

"பொறாமை!" என்றது காகம்.

டொக்கன் பனை உச்சியில் உட்கார்ந்து, தன் கூட்டத்தைப் பெருமையோடு எண்ணிக்கொண்டிருந்தது. ஆட்காட்டி இரண்டாம் முறை பாடியது. 'இந்தக் குருவிக்கு நேரம் காலம் தெரியாதா?' என்று டொக்கன் எரிச்சல் பட்டது. ஆட்காட்டி மூன்றாம் முறை பாடியது. அதன் குரல் உடைந்துபோயிருந்தது. மூன்று முறை கேட்டுப் பழகிய காது அல்லவா! இந்த முறை சொல் உள்ளே போய்விட்டது.

டொக்கன் குளத்தைக் குனிந்து பார்த்தது. எழுதும்போது பார்க்காததை அப்போதுதான் பார்த்தது. தண்ணீருக்கு அடியில் நீளமாக ஒரு நிழல். அதற்கு இரண்டு கண். நிழல் சருகுமானை நோக்கி மெதுவாக நகர்ந்தது. காற்றே இல்லை.

"ஓடுங்க! அது முதலை!" என்று டொக்கன் கத்தியது.

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்கவேண்டிய கலை என்று அதுவே எழுதியிருக்கிறதே!

ஒரு நொடி யோசித்தது. சத்தமில்லாமல் பறந்துபோய்விடலாம். 'கச்சேரிக்கு நான் வரவே இல்லை' என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த நீட்டிய சின்னக் கழுத்தைப் பார்த்தது. முதல் நாளிலிருந்து தன்னைப் படித்த கழுத்து அது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, பனையில் தன் அலகை வைத்து முழு பலத்தோடு அடித்தது.

டொக்! டொக்! டொடொக்! டொக்!

ஆட்காட்டி அந்த அடியைப் பிடித்துக்கொண்டது. உடைந்த குரலுக்கு ஒரு பீட் கிடைத்துவிட்டது.

"கட்டைக்குக் கண்ணு ரெண்டு! டொக்! பின்னால போ! டொக்!
கண்ண நீ திறந்து பாரு! டொக்! பின்னால போ! டொக்!"

நல்ல தாளத்துக்குக் கால் தானாக ஆடும். முயலின் கால் ஆடியது. மயிலின் கால் ஆடியது. முள்ளம்பன்றியே ஆடியது. ஆடும்போது யாரால் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியும்? ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். 'பின்னால போ' என்ற அடிக்குக் கூட்டம் ஒரே சமயத்தில் பின்னால் குதித்தது.

சருகுமானும் குதித்தது. அந்த நொடியில் தண்ணீர் பிளந்தது. எம்.சி. ஆழம் முதன்முறையாக மேடைக்கு வந்து வாயைத் திறந்தது. படார்!

சருகுமானின் கழுத்து தப்பியது. பின்னால் திரும்பி ஓடியதில் வால் நுனி போய்விட்டது.

கூட்டம் சிதறியது. பந்திக்கு முந்தும் காகம் ஓடுவதிலும் முந்திக்கொண்டது. "நான் வெறும் மேனேஜர்தான்! ஆர்ட்டிஸ்ட் சொந்த விருப்பத்துக்கு நான் பொறுப்பில்லை!" என்று சொல்லிவிட்டு நரி புதருக்குள் மறைந்தது.

மாலையில் சருகுமான் பனைக்கு வந்தது. வால் நுனியில் பச்சிலை கட்டியிருந்தது. டொக்கன் இறங்கி வந்து தலையைக் குனிந்து நின்றது.

சருகுமான் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டது.

"அண்ணே, நீங்க கேட்டுட்டுத்தானே எழுதினீங்க?"

"இல்லப்பா" என்றது டொக்கன்.

சருகுமான் பனையைப் படிக்காமல் திரும்பிப் போய்விட்டது. முதலை கடித்திருந்தால்கூட டொக்கனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மரத்தில் கொத்தியதை அழிக்க முடியாது. 'இந்தத் தலைமுறையின் குரல்' பனையின் முகப்பில் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே டொக்கன் இரண்டே வரி கொத்தியது: "இதை நான் கேட்காமல் எழுதினேன். குளத்தில் முதலை இருக்கிறது."

பிறகு பறந்துபோய் ஆட்காட்டியின் முன்னால் உட்கார்ந்தது. "உன்னைப் பத்தி நாளைக்கே எழுதப் போறேன்!"

"நாளைக்கு வேண்டாம்ண்ணே" என்றது ஆட்காட்டி, முட்டையைப் புரட்டிக்கொண்டே. "இன்னும் ரெண்டு தரம் கேளுங்க. மூணாவது வரியில தாளம் இடிக்குது."

டொக்கன் வாயை மூடிக்கொண்டு கேட்டது. நெடுநாளைக்குப் பிறகு அதற்கு நன்றாகக் காது கேட்டது.

ஆட்காட்டியைப் பற்றிப் பனையில் எழுத்து வந்த அன்று, சருகுமான் மறுபடி வந்தது. ஆனால் இந்த முறை முதலில் கரைக்குப் போய், எட்டி நின்று, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டைக் கேட்டது. அதன் பிறகுதான் பனைக்கு வந்து படித்தது. டொக்கன் அதைப் பனை உச்சியிலிருந்து பார்த்தது.

ஆலமரத்தில் மட்டும் வழக்கம் போலச் சத்தம் கேட்டது. "முதலையை முதலில் சந்தேகப்பட்டது நாங்களே! கா! கா!"

நீதி: தன் காதால் கேட்காததை முந்திக்கொண்டு புகழ்பவன், தன்னை நம்பி வந்தவன் கழுத்தைத்தான் முதலைக்கு நீட்டுகிறான்.