ஒரு செம்புத் தண்ணீர்

"எல்லார் பிள்ளை செடியும் நிமிந்து நிக்குது. என் மக செடி மட்டும் ஏம்மா சாகுது?"

சனிக்கிழமை காலை. அரசுப் பள்ளியின் பின்பக்கம், நாலாம் வகுப்பின் கத்தரித் தோட்டம்.

கேட்டவன் மொக்கராசு, வெங்காய மண்டிக்காரன். கையில் ஒன்றுமில்லாமல் வந்து, வாயை வைத்தே மேலே ஏறியவன். அவன் கேள்வி கேட்டாலும் சண்டை மாதிரிதான் இருக்கும்.

கேட்கப்பட்டவள் குருவம்மா. மாவு மில் வைத்திருப்பவள். தோட்ட வேலைக்கு வரும் பெற்றோருக்கு அவள்தான் தலை. அவள் மகன் இந்தப் பள்ளியை முடித்துப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவள் இன்னும் வருகிறாள். பெயரைச் சுருக்கி எல்லோரும் 'குரு' என்பார்கள். கேலியாக ஆரம்பித்தது, நிலைத்துவிட்டது.

முப்பத்திரண்டு செடி, அதில் ஆறை ஆடு மேய்ந்துவிட்டிருந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஐஸ் குச்சி, குச்சியில் ஒரு பிள்ளையின் பெயர். வாடிக் கிடந்ததன் குச்சியில் 'பவதாரணி'.

"எவனோ வெந்நி ஊத்துறான்," என்றான் மொக்கராசு. "எனக்கு எதிரி ஜாஸ்தி."

"நீங்க எவ்வளவுண்ணே ஊத்துறீங்க?"

"மூணு குடம். கூட ஒரு பிடி யூரியா."

"மத்த செடிக்கு?"

"அதுக்கு அவங்கவங்க அப்பன் ஆத்தா இல்லையா?"

குருவம்மா களைக்கொத்தைக் கீழே வைத்தாள். செடியின் அடியைக் காட்டினாள்.

"கைய உள்ள விடுங்க."

விட்டான். விரல்கள் சேற்றில் இறங்கின. எடுத்து முகர்ந்தான்.

நூறு மூட்டையில் அழுகல் எது என்று மூக்காலேயே சொல்லுகிறவன். அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கையைப் புல்லில் துடைத்தான்.

"செடி வாடுதுன்னு அழுதா," என்றான். குரல் இறங்கியிருந்தது. "அதான் கூட்டி ஊத்துனேன். அது இன்னும் வாடவும், ரெண்டு வாரமா என்கிட்டப் பேச்சே இல்ல."

ஆடு மேய்ந்த இடங்களில் நட நாற்று வந்திருந்தது. குருவம்மா அதில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்தாள்.

"திங்கக்கிழமை அவளே நடட்டும். ஒரு வாரம் நீங்க கிட்ட வராதீங்க."

"ஒரு வாரமா? மூணு நாள்."

"ஏழு நாள்."

"அஞ்சு. உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்."

"வேரு எறங்கட்டும்ணே. நானும் எறங்குறேன்."

அடுத்த சனிக்கிழமை முதல் ஆளாக வந்தான். தோளில் குடம்.

வந்தவன் நின்றுவிட்டான்.

ஒரு செடியிலும் குச்சி இல்லை.

"எவன் வேலைடா இது?"

பின்னால் வந்த பெற்றோரும் முழித்தார்கள். "எம் பையன் செடி இதுதான?" "இல்ல, அது எங்களோடது." ஓர் அம்மா இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முகச்சாடை தெரியும் என்பதுபோல.

"பிள்ளைங்கதான் பிடுங்கிருச்சுங்க," என்றாள் குருவம்மா. "ஆரம்பிச்சது உங்க மக."

"ஏன்?"

"'பேரு இருந்தா எங்கப்பா கண்டுபிடிச்சிருவாரு'ன்னா. உடனே எல்லாம் 'எங்கம்மாவும் அப்படித்தான்'னு ஆளாளுக்கு உருவிருச்சுங்க."

மொக்கராசு வரிசைகளுக்குள் புகுந்து குனிந்தான்.

புது நாற்றுகளைப் பார்த்தான். ஏழு. ஏழும் ஒரே உயரம். ஒன்றுகூட அவனைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"அவ எதை நட்டான்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"வரிசைய மட்டும் சொல்லு."

"ஒரு செம்புக்கு மேல ஊத்த மாட்டேன்னு சொல்லுங்க. சொல்றேன்."

"ரெண்டு," என்றான், பழக்கதோஷத்தில்.

அவள் களை எடுக்கத் திரும்பிவிட்டாள்.

தோளில் குடம் கனத்தது. அங்கேயே நின்றான். மற்றவர்கள் அவனைப் பார்த்தார்கள், பிறகு செடிகளைப் பார்த்தார்கள்.

குடத்தை இறக்கினான். தொட்டியோரம் கிடந்த செம்பை எடுத்தான்.

முதல் வரிசை, முதல் செடி. ஒரு செம்பு. அடுத்தது. ஒரு செம்பு. ஆடு கடித்ததற்கும் அதே. பூ விட்டிருந்ததற்கும் அதே. குடத்தை மூன்று தடவை நிரப்பி வந்தான். முதுகு பிடித்துக்கொண்டது. யாரையும் திட்டவில்லை.

கடைசி வரிசையை முடித்து நிமிர்ந்தபோது, வகுப்பறைப் படியிலிருந்து ஒரு குரல். மூன்று வாரமாக அவன் கேட்காத குரல்.

"அப்பா, ஒண்ண விட்டுட்டீங்க. அந்தா, சுவரோரம்."

போனான். செம்பைச் சாய்த்தான்.

அது யாருடையது என்று அவன் கேட்கவில்லை.