திரும்பி வராத காலடி

ஒரு விடுகதை. களிமண் தரையில் ஒரு பாதை. அதில் போன காலடி இருக்கிறது. திரும்பி வந்த காலடி இல்லை. போனவர் வீடு போய்ச் சேர்ந்தாரா, காட்டில் தொலைந்தாரா?

உடனே சொல்ல வேண்டாம். இந்தக் கதையில் ஒரு சிறுமி பதில் சொல்கிறாள். அது போதுமா என்று பிறகு யோசித்துக்கொள்ளுங்கள்.

கழிமுனை கடலோரத் தேசியப் பூங்காவில் அமலோற்பவம் நடைவழிகாட்டி. முப்பத்து நான்கு வயது. அவளிடம் தொழில் கற்றுக்கொள்பவர் வைத்திலிங்கம். ஐம்பத்தெட்டு வயது. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அவளை ‘டீச்சர்’ என்பார். அவள் அவரை ‘சார்’ என்பாள். கேட்பவர்களுக்கு யார் யாரிடம் படிக்கிறார்கள் என்று குழப்பமாக இருக்கும்.

மழைக்காலம் முழுவதும் பூங்கா மூடியிருந்தது. திறந்த முதல் நாள் வைத்திலிங்கத்துக்குத் தேர்வு. பார்க்க வந்த இரண்டு பேரை அவரே கூட்டிப்போய், கடல் முனையைக் காட்டிவிட்டு, வேறு வழியாகத் திரும்ப அழைத்து வர வேண்டும். அமலோற்பவம் கூட வருவாள், வழி சொல்லமாட்டாள். ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்தால் அவளுடைய சட்டைக் கையில் கட்டியிருக்கும் பச்சைப் பட்டை போல அவருக்கும் ஒன்று கிடைக்கும். இதற்கு முன் இரண்டு முறை அவர் தேறவில்லை. மூன்றாவது முறைக்கு மேல் வாய்ப்பு கிடையாது.

வந்தவர்கள் பூங்கோதையும் அவளுடைய ஒன்பது வயது மகள் தமயந்தியும்.

கடல் முனையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அமலோற்பவம் கடைசியாக வந்தாள். மட்டையோடு ஒரு காய்ந்த பனையோலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தாள். ஓலை மணலைக் கீறி, எல்லார் காலடியையும் அழித்தது.

“ஆன்ட்டி காட்டைப் பெருக்குறாங்களா?” என்று தமயந்தி கேட்டாள்.

“எனக்கும் அதே சந்தேகம்தான்,” என்றார் வைத்திலிங்கம். “டீச்சர், தப்பான வழியில போயிட்டா அழிக்கிறீங்க. சரி, பின்னால வர்றவங்க ஏமாறக் கூடாது. சரியான வழியையும் ஏன் அழிக்கிறீங்க? மூணு மாசமா கேக்குறேன்.”

“மூணு மாசமா ஓலையைத் தூக்கிட்டுத்தானே வர்றீங்க. இழுக்கலையே,” என்றாள் அமலோற்பவம்.

அது பதிலா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

மணி மூன்று ஆனபோது உடைமரங்களுக்கு நடுவே ஒரு வெட்டவெளிக்கு வந்தார்கள். மழையில் சேறாகி, வெயிலில் ஓடுபோல் காய்ந்த தரை. அங்கிருந்து மூன்று பாதைகள் பிரிந்தன. மூன்றும் நன்றாக மிதிபட்டவை. புல் மடங்கி, களி அழுந்தி, மூன்றும் ராஜபாட்டை போல இருந்தன.

வைத்திலிங்கம் வரைபடத்தை விரித்தார். வரைபடத்தில் வெட்டவெளி இருந்தது. பாதை ஒன்றுதான் இருந்தது.

“நாலு மணிக்கு மேல ஓடையில கடல் தண்ணி ஏறிடும்னு சொன்னீங்களே,” என்றாள் பூங்கோதை. “ஏறினா என்ன பண்றது?”

“ராத்திரி இறங்குற வரைக்கும் இந்தக் கரையிலதான். அவ்வளவு நேரம் ஆகாதும்மா.”

நடுப்பாதையில் போனார்கள். அது ஒரு புதர் முன்னால் நின்றது. திரும்பினார்கள். இடப்பக்கம் போனார்கள். அது ஒரு குட்டையில் முடிந்தது. மறுபடியும் வெட்டவெளி. வலப்பக்கப் பாதை வளைந்து வளைந்து, அவர்கள் கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விட்டது.

“அம்மா, இந்த மரத்துக்கு நான் ஏற்கெனவே டாட்டா காட்டிட்டேன்,” என்றாள் தமயந்தி.

வைத்திலிங்கத்துக்கு வியர்த்தது. “புரியல. இத்தனை பேர் நடந்த வழி எப்படித் தப்பா இருக்கும்? டீச்சர், ஒரே ஒரு கேள்வி. இதுல எது வழி?”

அமலோற்பவம் ஓலையை ஓரமாக வைத்தாள். நடுப்பாதையின் தொடக்கத்தில் குனிந்து பார்த்தாள்.

“சார், இங்க வந்து நில்லுங்க.”

நின்றார்.

“வலது காலை இந்தத் தடத்துல வைங்க.”

வைத்தார். காய்ந்த களியில் ஒரு பூட்ஸ் தடம். குதிகாலில் பாதி நிலா போல ஒரு லாடத்தின் அச்சு. அவருடைய பூட்ஸ் அதில் அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. துறையில் கொடுத்த பூட்ஸ். லாடம் அடித்தது அவர்தான்.

அவர் காலை எடுக்கவில்லை.

“மழை விட்ட வாரம் தனியா நடந்து பழகுறேன்னு போனீங்களே, அன்னைக்கா?”

“ஆமா. வேற இடம்னு நினைச்சேன்.” அவருடைய குரல் இறங்கியது. “அன்னைக்கு வழி தவறிடுச்சு. மூணு மணி நேரம். உங்ககிட்ட சொல்லல.”

“ஓலை?”

“கொண்டு போகல.”

“இந்த நடுப்பாதையில எத்தனை தடவை போனீங்க?”

“ஏழு இருக்கும். மத்த ரெண்டுலயும் அஞ்சாறு தடவை. ஒவ்வொரு தடவையும், இன்னும் கொஞ்சம் தூரம் போயிருந்தா வழி வந்திருக்குமோன்னு தோணும். மறுபடியும் போவேன்.”

“அப்ப இத்தனை பேர்னு சொன்னீங்களே, அது நீங்க ஒருத்தர்தானா?” என்று பூங்கோதை கேட்டாள்.

“பின்னாடி மான் போயிருக்கும்மா,” என்றாள் அமலோற்பவம். “மனுசன் மிதிச்சுக் கொடுத்தா மான் வேண்டாம்னா சொல்லும்?”

இதற்குள் தமயந்தி வெட்டவெளியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு தில்லை மரத்துக்குப் பின்னால் நின்று கூப்பிட்டாள். அங்கே பாதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. களியில் ஒரு வரிசைத் தடங்கள் மட்டும் புதருக்குள் போயின. ஒவ்வொரு குதிகாலிலும் பாதி நிலா.

“இதுல போன கால் மட்டும் இருக்கு,” என்றாள். “திரும்பி வந்த கால் இல்ல.”

பூங்கோதை மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். “அப்ப இது வேண்டவே வேண்டாம். போனவர் என்ன ஆனாரோ.”

“போனவர் இந்த மாமாதானே? இங்கதானே நிக்கிறார்,” என்றாள் தமயந்தி.

பூங்கோதை வைத்திலிங்கத்தை ஒரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு கையை விட்டாள்.

அமலோற்பவம் ஓலையை எடுத்துக்கொள்ள, தடங்களைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கால் மணி நேரத்தில் ஓடை வந்தது. தூரத்தில், அக்கரையில், பூங்காவின் வாசல் கம்பம் தெரிந்தது. மணி மூன்று ஐம்பது.

வைத்திலிங்கத்துக்கு முகம் தெளிந்தது. அவருடைய தடங்கள் நேராகத் தண்ணீருக்குள் இறங்கின. “இங்கதான் கடந்தேன். முழங்கால் அளவுதான் இருந்தது. வாங்க.”

அவர் முதலில் கையில் இருந்த மூங்கில் கழியை ஊன்றினார். கழி போய்க்கொண்டே இருந்தது. அவருடைய நெஞ்சு உயரம் வரை போனது.

கழியை வெளியே எடுத்தார். தடங்களைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். தடம் அவருடையதுதான். ஓடையும் அதே ஓடைதான். அடியில் மணல்தான் இடம் மாறியிருந்தது.

“எங்க இறங்கணும் சார்?” என்றாள் அமலோற்பவம்.



“தெரியல,” என்றார். “பார்க்கணும்.”

கரையோரமாக மேற்கே போனார். இருபது அடிக்கு ஒரு முறை கழியை ஊன்றினார். நெஞ்சு. இடுப்பு. மறுபடியும் நெஞ்சு. திரும்பி வந்து கிழக்கே போனார். இடுப்பு. தொடை. ஒரு கொக்கு நின்ற இடத்துக்குப் பக்கத்தில் முழங்கால். ஓடையின் குறுக்கே கழியால் தட்டிக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கடைசிவரை முழங்கால்தான்.

“வாங்கம்மா,” என்று கூப்பிட்டார். கூப்பிட்டவர் கரையைப் பார்த்து நின்றுவிட்டார். ஈரச் சேற்றில் மேற்கே போன தடமும் வந்த தடமுமாக ஒரு புதுப் பாதை கிடந்தது.

அவர் அமலோற்பவத்தின் கையில் இருந்து ஓலையை வாங்கினார். மேற்கு முனைக்கு நடந்து போய், அங்கிருந்து இழுத்துக்கொண்டு வரத் தொடங்கினார்.

“தண்ணி ஏறுதுங்க,” என்றாள் பூங்கோதை. “குழந்தை இருக்கா. இப்பவா பெருக்கணும்?”

“ஒரு நிமிஷம்மா.”

இரண்டு நிமிடம் ஆனது. கொக்கு பறந்துவிட்டது. அவர்கள் இறங்கியபோது தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. தமயந்திக்கு இடுப்பு வரை. வைத்திலிங்கம் ஓலையை அமலோற்பவத்திடம் கொடுத்துவிட்டு, கழியைப் பிடித்து முன்னால் நடந்தார். அவருடைய இன்னொரு கையைத் தமயந்தி இறுகப் பிடித்திருந்தாள்.

அக்கரையில் ஏறியதும் பூங்கோதை புடவையைப் பிழிந்தாள். அமலோற்பவம் தன் சட்டைப்பையில் இருந்து ஒரு பச்சைப் பட்டையை எடுத்து வைத்திலிங்கத்தின் கையில் கட்டினாள். அது காலையில் இருந்தே அவள் பையில் இருந்திருக்கிறது.

அவர் பட்டையைப் பார்த்தார். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் கேள்வி அப்படியே இருந்தது.

“டீச்சர், இப்ப வந்தது சரியான வழி. கழி வச்சுப் பார்த்தாச்சு. நாலு பேரும் உயிரோட வந்தாச்சு. இதையும் அழிக்கணுமா?”

“நீங்க அன்னைக்கு இறங்குனதும் சரியான வழிதான் சார்,” என்று ஓலையை அவரிடம் கொடுத்தாள் அமலோற்பவம்.

வைத்திலிங்கம் ஓலையை இழுக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. கையில் பிடித்தபடி நின்றார். அமலோற்பவம் அதை வாங்கித் தமயந்தியிடம் கொடுத்தாள்.

“நீ சொல்லு. நம்ம காலடியை விட்டுட்டுப் போகலாமா, அழிச்சிடலாமா?”

தமயந்தி ஈரக் கரையைப் பார்த்தாள். நான்கு பேருடைய தடங்களும் தண்ணீரில் இருந்து ஏறி வந்திருந்தன. அவளுடையது மிகச் சிறியது. ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்திருந்தது.

அவள் மற்ற மூன்று பேருடைய காலடிகளையும் அழித்தாள். தன்னுடையதை மட்டும் விட்டுவைத்தாள்.