சின்னதுரையின் அறை

ஒரு ஜமீன்தாருக்குப் பதினாறு வயதில் ஒரே மகன் இருந்தான். அவன் அறையில் கால் வைக்க இடமிருக்காது. அழுக்கு வேட்டியும் ஒற்றைச் செருப்பும் பாதி தின்ற கொய்யாவும் தரையெல்லாம் கிடக்கும். கூட்டினால், "என் சாமானைக் கலைச்சுட்டா!" என்று மகன் கத்துவான். கூட்டாவிட்டால் அப்பா கத்துவார். இதிலேயே இரண்டு வேலைக்காரிகளுக்கு வேலை போனது. மூன்றாவதாக வந்தவள் பூவாத்தாள்.

"அறை பளிச்சுன்னு இருக்கணும். ஆனா தம்பி வச்ச பொருள் ஒண்ணுகூட நகரக் கூடாது. நகர்ந்தா உனக்கு வேலை இல்லை" என்றார் ஜமீன்தார்.

"சரிங்க" என்றாள்.

மதியத்துக்குள் அறை பளபளத்தது. முற்றத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு குவியல் நின்றது. மகன் அலறினான். ஜமீன்தார், அன்று வந்திருந்த விருந்தாளிகள் முன்னாலேயே, "நான் என்ன சொன்னேன்?" என்று உறுமினார்.

பூவாத்தாள் தலை குனியவில்லை. "சின்னதுரை வச்ச பொருளை நான் தொடவே இல்லீங்க. கண்ணாடியும் சீப்பும் மாடத்துல வச்சபடியே இருக்கு. மத்ததெல்லாம் அவர் எறிஞ்சதுங்க."

விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். ஜமீன்தாரின் குரல் இறங்கியது. "அப்போ இதையெல்லாம் யார் எடுத்து வைக்கிறது?"

"அவரே வைக்கட்டுங்க. அவர் வச்சதை நான் என்னைக்கும் தொடமாட்டேன்."

அன்று சாயங்காலம்வரை சின்னதுரை வேட்டி மடித்தான்.