முயல் பக்கம் திருகிய வண்டி

கோத்தகிரிச் சரிவில் விடுதி நடத்தும் தணிகாசலம், வருஷாவருஷம் விருந்தாளிகளுக்கு மலைச் சைக்கிள் பந்தயம் வைப்பார். கோப்பையை அவரே வாங்கி வைத்து, அவரே ஜெயித்து எடுத்துக்கொள்வார்.

அங்கே சைக்கிள்களைப் பார்த்துக்கொள்பவள் ரெஜினா. முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க்கின் அடியில் ஒரு திருகு உண்டு. குழியில் அமுங்கிய ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக மேலே எழும்ப வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். வேகமாக எழும்ப முயல் படம், மெதுவாக எழும்ப ஆமை படம்.

முதலாளி படத்தை மட்டும் பார்த்தார்.

"எனக்கு முயல் பக்கம் முழுசாத் திருகு. மத்தவங்களுக்கெல்லாம் ஆமை. என் வண்டி முதல்ல வரலேன்னா உனக்கு இங்க வேலை இல்லை."

"வண்டி துள்ளும் முதலாளி. ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுங்க."

"சொன்னதைச் செய்."

செய்தாள்.

பந்தயத்தில் முன்னால் போன முதலாளியை, கடைசி இறக்கத்துப் பாறையில் வண்டி எம்பித் தேயிலைச் செடிக்குள் எறிந்தது. பிறகு தனியாகவே உருண்டு, எல்லோருக்கும் முன்னால் முடிவுக் கோட்டைத் தாண்டிப் படுத்துக்கொண்டது.

நொண்டியபடி வந்தவர் விருந்தாளிகள் நடுவிலேயே கத்தினார்.

"எனக்கு முயல், இவங்களுக்கு ஆமைன்னுதானே சொன்னேன்? மாத்தி வெச்சிட்டியா?"

விருந்தாளிகள் குனிந்து தங்கள் திருகுகளைப் பார்த்தார்கள்.

"மாத்தலை முதலாளி," என்றாள் ரெஜினா. "உங்க வண்டி முதல்லதான் வந்துச்சு. நீங்கதான் அதுல இல்லை."