லிஃப்டில் தொங்கிய சக்கரம்

மதுரை பைபாஸ் ரோட்டில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருந்த ஸ்டெல்லாவுக்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் தொழில் கற்க வந்த சோணைமுத்துவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. வாழ்நாளெல்லாம் லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்த மனிதர், இப்போது கரண்டு கார் பக்கம் வந்திருந்தார். அவர் அவளை “மாஸ்டர்” என்பார். அவள் அவரை “அண்ணே” என்பாள். இதில் யாருக்கும் வருத்தமில்லை.

திருமங்கலத்தில் ஒரு கிளை திறக்க இருந்தாள் ஸ்டெல்லா. அதை நடத்த வேண்டும் என்று சோணைமுத்துவுக்கு ஆசை. ஆசை என்றால் கொஞ்சநஞ்ச ஆசையா? சோறு இறங்கவில்லை மனுஷனுக்கு.

ஒருநாள் கேட்டேவிட்டார்.

“நான் தேறிட்டேனா மாஸ்டர்?”

“இந்தா நிக்குதே, இந்த வண்டியை நீங்க மட்டும் பாருங்க. நான் கிட்டவே வரலை.”

அது இப்ராகிம் என்ற டாக்சிக்காரரின் கரண்டு கார். பின்சக்கரங்கள் இரண்டும் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நின்றன. டயரை வெளியே பார்த்தால் புதுசு. உள்விளிம்பில் கம்பி பல்லை இளித்தது. சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கிற இரும்புக் கைதான் ஆர்ம்; கம்பெனி கொடுத்த ஆர்மில் அந்தச் சாய்வைத் திருத்த வழியே இல்லை. அதனால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற ஆர்ம் ஒரு ஜோடி வெளியே வாங்கி வந்திருந்தார் இப்ராகிம்.

சோணைமுத்து வண்டியை லிஃப்டில் தூக்கினார். பழைய ஆர்மைக் கழற்றிப் புதுசை மாட்டினார். மூச்சைப் பிடித்து போல்ட்டுகளை முடுக்கினார். பிறகு வண்டியை இறக்கி, அலைன்மென்ட் மேடையில் ஏற்றி, ஆர்மைத் திருகித் திருகி அளவுக்குக் கொண்டுவந்தார். அளவு காட்டும் திரையில் எல்லாக் கட்டமும் பச்சை. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

“மாஸ்டர், வந்து பாருங்க!”

“இனிமே டயரைத் தின்னாதுல்ல?” என்றார் இப்ராகிம்.

ஸ்டெல்லா வந்தாள். திரையைப் பார்க்கவில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு மேடைக்கு அடியில் போனாள். சோணைமுத்து முடுக்கிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள்.

“ஐயய்யோ! என்ன பண்றீங்க?”

டொக் என்று ஒரு சத்தம். வண்டியின் பின்பக்கம் ஒரு விரற்கடை கீழே இறங்கி உட்கார்ந்தது. திரையில் பச்சை போய்ச் சிவப்பு வந்தது.

சோணைமுத்து ஓடிவந்து மேடைக்கு அடியில் குனிந்தார்.

“எங்க வச்சு முடுக்குனீங்க?”

“மேல தூக்கித்தான். சக்கரம் தொங்குனாத்தானே கை நல்லாப் போகும்? லாரியில எல்லாம் அப்படித்தான் மாட்டுவேன்.”

“உங்க லாரியில போல்ட்டைச் சுத்தி வெண்கல புஷ். எப்படி முடுக்குனாலும் சுத்திக்கும். இது ரப்பர்ண்ணே. தொங்குறப்ப முடுக்குனா அந்த நிலையையே பிடிச்சுக்கும். கீழ இறக்குனதும் பாவம், முறுக்கிக்கிட்டே வண்டியைத் தூக்கிப் பிடிக்குது. திரையில வந்த பச்சை அந்தப் பொய் உயரத்துக்குத்தான்.”

“அப்படியே ஓட்டியிருந்தா?”

“ரப்பர் கிழியும். வண்டி தாழும், சக்கரம் பழையபடி சாயும். பாய் மறுபடி டயர் வாங்கப் போகணும்.”

“யா அல்லா!” என்றார் இப்ராகிம்.

சோணைமுத்து மேடைக்கு அடியில் போனார். வண்டி தன் கனத்தில் நிற்க, ஆர்மை மறுபடி திருத்தினார். பச்சை வந்தது. சக்கரம் மேடையை மிதித்து நிற்கும்போதே போல்ட்டுகளை முடுக்கினார். கை வசதியாகப் போகவில்லை, முழங்கை சிராய்த்தது. இப்ராகிம் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார்.

சோணைமுத்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆசைப்பட்டது போச்சே என்று வலிக்கவும் செய்தது.

“திருமங்கலத்தை வேற யாருக்காவது குடுத்துருங்க மாஸ்டர். நான் இன்னும் ஒரு வருஷம் உங்க பக்கத்துலயே நின்னு கத்துக்கிறேன்.”

ஸ்டெல்லா மேஜை டிராயரைத் திறந்து, புதுக் கடையின் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“நாளைக்குக் கடையைத் திறங்க.”

“நான்தான் தேறலையே!”

“என் பக்கத்துல நிக்கிற வரைக்கும் நீங்க லிஃப்டுலதான் தொங்குறீங்கண்ணே. முதல்ல இறங்கி உங்க கனத்துல நில்லுங்க. முடுக்க வேண்டியதை நான் அங்க வந்து முடுக்கிக்கிறேன்.”