பையில் இருந்த பூசணிக்காய்

மலைமேல் ஓர் ஊர். ஆண்டில் பாதி நாள் மூடுபனி இறங்கிக் கிடக்கும். அங்கே பாலை உறையவைத்துச் சீஸ் செய்து விற்பது சில வீட்டாருக்குத் தொழில். அழுத்தி உருட்டி, மாதக்கணக்கில் இருட்டறையில் வைத்துப் பழுக்கவிடும் கெட்டிச் சீஸை அவர்கள் வட்டு என்பார்கள்.

வட்டு செய்யக் கற்றுக்கொடுப்பவர் அருளாயி. அவருக்கு வயது நாற்பதுகூட இல்லை. அவரிடம் கற்றுக்கொள்ள வந்த வெயிலுமுத்துவுக்கு அறுபது. அவர் தெற்கே அரிசி லாரி ஓட்டி ஓய்ந்தவர். மலைக்கு வந்து இரண்டு மாடு வாங்கிக் கட்டியிருந்தார்.

அவர் அருளாயியை "டீச்சர்" என்பார். அருளாயி அவரை "அண்ணே" என்பார்.

ஒருநாள் காலையில் வெயிலுமுத்து தன் வட்டைத் துணிப்பையில் சுமந்துகொண்டு டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"என் வட்டு தேறிருச்சா?"

அது அவர் செய்த முதல் வட்டு. தை மாதம் அழுத்தி வைத்தது. இப்போது ஆவணி.

"இன்னிக்கே தெரியணுமா?"

"ஆமா. நாளைக்கு மாட்டுத் தரகர் வாரார். வயசான காலத்துல இந்தப் பாடு எதுக்கு, மாட்டைக் குடுத்துட்டு மகன் வீட்டுக்குப் போயிருவோம்னு பேச்சி சொல்லுதா. எனக்குப் போக மனசு இல்ல. கடைசியா, வட்டு தேறினா இருப்போம், தேறலன்னா போவோம்னு பேசி முடிச்சிருக்கோம்."

பேச்சி அவர் மனைவி. பேசி முடித்தால் மாற மாட்டாள்.

அருளாயி வட்டை வெளியே எடுத்தார். கைக்குழந்தையைத் திருப்புவதுபோலத் திருப்பினார். அதன் தோல்மேல் கட்டைவிரலை மெல்ல ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. அப்புறம் நகர்ந்தது. மறுபடி நின்றது.

வட்டு உள்ளே எப்படிப் பழுத்திருக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. அரிசி மூட்டையில் குத்தி நாலு மணி எடுத்துப் பார்க்கிற குத்தூசி மாதிரி, குழிந்த இரும்பு ஒன்றை வட்டுக்குள் செருகி உருவுவார்கள். வந்த துண்டில் ஒரு கிள்ளு வாயில் போட்டுவிட்டு, மீதியைத் திரும்ப வைத்துத் துளையை அடைத்துவிடுவார்கள். ஒரு வட்டை ஒரு தடவைதான் குத்தலாம். அதையும் செய்தவர் குத்தக் கூடாது. வேறொருவர்தான் குத்த வேண்டும். அந்த ஊரில் அதுதான் வழக்கம்.

"யாராவது குத்திப் பாத்தாங்களா அண்ணே?"

"இல்ல டீச்சர்."

வெயிலுமுத்து இதை முற்றத்தில் மேய்ந்த கோழியைப் பார்த்துச் சொன்னார்.

அருளாயி வட்டைப் பைக்குள் வைத்து முடிச்சுப் போட்டார்.

"ஊருக்குள்ள ஒரு சுத்து போயிட்டு வருவோம் வாங்க. வட்டு தேறிருச்சான்னு யார் யார் எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னு பாருங்க. பையையும் எடுத்துக்குங்க."

முதலில் தாவீதின் பட்டறைக்குப் போனார்கள். மாதா கோயிலுக்குக் கீழே, பாறையைக் குடைந்த அறை. தாவீது ஊரிலேயே பெரிய வட்டுக்காரர். ஒரு வட்டைக் காதருகே தூக்கி, விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன கேக்குது?" என்றார் அருளாயி.

"உள்ள ஓட்டை விழுந்திருக்கு. பொத்துப் பொத்துங்குது." தாவீது சிரித்தார். "போன மழையில ஓர் அலமாரி முழுக்கப் போச்சு. உனக்கு?"

"எனக்கும் போச்சு. கீழ்த்தட்டு மொத்தமும்."

"அப்பாடா. நான் மட்டும்தானோன்னு இருந்தேன்."

வெயிலுமுத்து வாயைப் பிளந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுக்குமா கெட்டுப்போவும்?"

"எனக்குக் கெடாம வேற யாருக்கு அண்ணாச்சி கெடும்? நான்தானே நிறைய செய்யறேன்." தாவீது பையைப் பார்த்தார். "அதென்ன உருண்டையா?"

வெயிலுமுத்து பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"பூசணிக்காய்."

அருளாயி வாசலைப் பார்த்து நடந்தார்.

அடுத்து பஸ் நிலையத்துக்கு எதிரே ஜுலேகா பீவியின் கடை. மலையில் செய்யும் எல்லா வட்டும் அங்கே விலைக்குக் கிடைக்கும். ஜுலேகா முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு வட்டை அறுத்துக்கொண்டிருந்தார்.

"நல்ல வட்டுன்னு எப்படிக்கா கண்டுபிடிப்பீங்க?" என்று வெயிலுமுத்து கேட்டார்.

"எனக்கு அந்த நாத்தமே ஆகாது. வாயிலயே வச்சதில்ல."

"அப்போ எப்படி விக்கீங்க?"

"வாங்கிட்டுப் போனவங்க மறுபடி வராங்களான்னு பாப்பேன். வந்தா நல்ல வட்டு."

"வரலன்னா?"

"ஊருக்குப் போயிட்டாங்கன்னு நினைச்சுக்குவேன். மனசுக்கு நல்லதா எதையாவது நினைக்கணும்ல?" அவர் கண்ணும் பையில் விழுந்தது. "என்ன அது? புது வட்டா? எடுங்க பாப்போம்."

"ஐயோ, இல்லக்கா. பூசணிக்காய்."

"இம்மாம் பெரிசா! எந்தத் தோட்டத்துது?"

"வீட்டுக்குப் பின்னால."

"இந்தக் குளிர்ல பூசணி காய்க்குதா?"

வெயிலுமுத்துவுக்கு வியர்த்தது. அருளாயி எதிரே வந்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மதியம் பரிமளாவின் மெஸ்ஸுக்கு வந்தார்கள். நாலே மேசை. டிரைவர்களும் கண்டக்டர்களும் தோட்டத்து ஆட்களும் சாப்பிடும் இடம். பரிமளா கல்லில் ஒரு துண்டு சீஸைப் போட்டு உருக்கிக்கொண்டிருந்தார். அது எண்ணெயாகப் பிரிந்தால் வேண்டாம், பாகாக இழுத்தால் வேண்டும். அதுதான் அவர் கணக்கு.

இவர்களைக் கண்டதும் கரண்டியை நீட்டினார்.

"வாங்க வாங்க! ஜுலேகாக்கா இப்பத்தான் போன் பண்ணாங்க. பெரிய பூசணிக்காய் வருதுன்னு. கூட்டுக்குத் தேங்காய்கூட அரைச்சு வச்சுட்டேன். குடுங்க இப்படி."

"இல்லம்மா, இது வந்து..."

"என்ன அண்ணாச்சி, ஒரு காய்க்குப் போய் இம்புட்டு யோசனையா?"

பரிமளா பையை இழுத்தார். வெயிலுமுத்து விடவில்லை. முடிச்சு அவிழ்ந்தது. வட்டு மேசைமேல் தொப்பென்று விழுந்து, ஒரு சுற்று உருண்டு, ஒரு கண்டக்டரின் சாப்பாட்டுத் தட்டருகே நின்றது.

"இதுக்குத் தேங்காய் எதுக்கு?" என்றார் கண்டக்டர். மெஸ்ஸே சிரித்தது.

பரிமளா கத்தியை எடுத்தார்.

"வேண்டாம்மா! அதைத் தொடாதீங்க!"

வெயிலுமுத்து இரண்டு கையாலும் வட்டை மூடிக்கொண்டார். சிரிப்பு நின்றது.

"ஏன் அண்ணே?" என்றார் அருளாயி.

வெயிலுமுத்து சட்டைப்பையிலிருந்து பழைய குத்தூசி ஒன்றை எடுத்தார். லாரி ஓட்டிய காலத்தில் அரிசி மூட்டைக்கு வைத்திருந்தது.

"நான் குத்திட்டேன் டீச்சர்."

"எத்தனை தடவை?"

"எண்ணல. மனசு கேக்காது. போய்க் குத்திப் பாப்பேன். ஒருநாள் நல்லா இருக்கும். மறுநாள் நல்லா இல்லாத மாதிரி இருக்கும். அதைச் சரிபாக்க இன்னொண்ணு குத்துவேன். குத்தின இடத்தையெல்லாம் பூசி மூடிருவேன்."

"பாத்தேன்," என்றார் அருளாயி.

"காலையிலயே பாத்துட்டீங்களா?"

"தோல்ல விரல் வச்சதும் தெரிஞ்சுது. அறு பரிமளா."

கத்தி இறங்கியது. வட்டு இரண்டாகப் பிளந்தது. உள்ளே வெளிர் மஞ்சள். ஆனால் குத்தின இடமெல்லாம் காற்று புகுந்து, துளை நெடுகப் பச்சையும் நீலமுமாகப் பூசணம் ஓடியிருந்தது. செடியின் வேர் மாதிரி இருந்தது.

"போச்சு," என்றார் வெயிலுமுத்து. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அருளாயி நீலம் ஓடிய இடமாகப் பார்த்து ஒரு துண்டு அறுத்தார். வாயில் போட்டு மென்றார். இன்னொரு துண்டு அறுத்தார். பரிமளாவும் ஒன்றை எடுத்துச் சுடு கல்லில் போட்டார். அது எண்ணெயாகவும் பிரியவில்லை, பாகாகவும் இழுக்கவில்லை. நடுவில் எங்கோ நின்றது. அவர் அதை உருளைக்கிழங்கு வறுவல்மேல் வழித்து, கண்டக்டர் தட்டில் வைத்தார்.

கண்டக்டர் சாப்பிட்டார்.

"ஒரு ஓரம் கசக்குது," என்றார்.

வெயிலுமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னொரு துண்டு வைங்க," என்றார் கண்டக்டர்.

பக்கத்து மேசைக்காரர் கை நீட்டினார். பிறகு அடுத்த மேசை. தோட்டத்துப் பெண் ஒருத்தி தன் துண்டில் பாதியைத் தாளில் பொதிந்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "எம் புள்ளைக்கு இந்த வாசனை பிடிக்கும். அதுக்கு மூக்கு சரியில்ல," என்றாள். மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை வெயிலுமுத்துவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அருளாயி அவர் முன்னால் ஒரு துண்டை வைத்தார்.

"சாப்பிடுங்கண்ணே."

"நான்தான் டீச்சர் இதை மாசக்கணக்கா தின்னுட்டு வாரேன்."

"ருசி பாத்திருக்கீங்க. சாப்பிடல."

வெயிலுமுத்து சாப்பிட்டார். மெதுவாக மென்றார். ஓரத்தில் கசந்தது. நடுவில் பாலின் இனிப்பு இருந்தது. தன் மாட்டுப் பால் என்று நாக்குக்குத் தெரிந்தது. கண்டக்டர் அவர் பக்கம் தண்ணீர்ச் செம்பை நகர்த்தினார்.

கூட்டம் கலைந்தபோது அரை வட்டுதான் மிச்சம். பரிமளா அதைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தார். "பேச்சியக்காவுக்கு. பூசணிக்காய்னு சொல்லிடாதீங்க, வெட்டிக் கொழம்பு வச்சுரப் போறாங்க."

வெயிலுமுத்து குத்தூசியை அருளாயி முன்னால் வைத்தார்.

"இது இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர்."

அருளாயி அதை எடுத்துப் பரிமளாவிடம் நீட்டினார். "பஜ்ஜி மிளகாய் கீற ஆகுமா பாரு."

வெயிலுமுத்து பையைத் தோளில் மாட்டினார். ஆனாலும் நகரவில்லை.

"டீச்சர், காலையில கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. வட்டு தேறிருச்சா, இல்லியா? நாளைக்குத் தரகர் வந்தா நான் என்ன சொல்ல?"

அருளாயி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி மூணாச்சுண்ணே. மாடு மடி கனத்து நிக்கும்."