கரடியார் வாங்கிக் கொடுத்த தண்டனை

ஒரு காட்டில் சிறைச்சாலை ஒன்று இருந்தது. காட்டில் ஏது சிறை என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. திருடர்கள் இருக்கிற இடத்தில் சிறையும் இருக்கத்தானே செய்யும்? மலையடிவாரத்துக் குகைதான் சிறை. அதன் வாசலில் முள்ளம்பன்றி காவலுக்கு உட்கார்ந்திருக்கும். அதை இடித்துக்கொண்டு ஓட யாருக்குத் துணிச்சல் வரும்?

அந்தச் சிறையில் இருந்தவன் சடையன் என்ற குரங்கு. முயலின் தோட்டத்தில் மாம்பழம் திருடி மாட்டிக்கொண்டவன். முள்ளம்பன்றி அவனைச் சும்மா இருக்க விடாமல் கூடை பின்னக் கற்றுக்கொடுத்தது. சடையனுக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது. கூடைகளைக் குகை வாசலிலேயே விற்றார்கள். சிறைக்கூடைக்கு ஈடாக ஒரு கூடை உண்டா என்று காடே வரிசையில் நின்று வாங்கியது.

தண்டனை முடிந்து சடையன் வெளியே வந்தான். இனித் திருடுவதில்லை, உழைத்துத்தான் சாப்பிடுவது என்று உறுதியாக இருந்தான். நேராகப் பழக்கடைக் கரடியாரிடம் போய் வேலை கேட்டான்.

கரடியார் நல்லவர்தான். யோசிப்பதற்குத்தான் கொஞ்சம் சோம்பல். இதுவரை எங்கே வேலை பார்த்தாய் என்று விசாரித்தார்.

"சிறையில் கூடை பின்னினேன், ஐயா. நீங்கள் பழம் வைத்திருக்கிற இந்தக் கூடைகூட நான் பின்னியதுதான்."

கரடியார் கூடையைத் தட்டிப் பார்த்தார். தானே ஏறி உட்கார்ந்தாலும் நசுங்காது என்று மெச்சினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கூடை நல்ல கூடை. ஆனால் சிறைக்குப் போய் வந்தவனை எப்படியப்பா கடையில் வைத்துக்கொள்வது?"

முயலும் அதையே சொன்னது. பெண்மயிலும் அதையே சொன்னது, சிறைக்கூடையில் உட்கார்ந்து முட்டைகளை அடைகாத்தபடியே.

சடையன் உதிர்ந்த அத்திப்பழங்களைப் பொறுக்கித் தின்றான். அவையும் தீர்ந்துபோயின. மாமரத்தடியைக் கடக்கும்போதெல்லாம் கை துறுதுறுத்தது. பாவம், இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினான்.

இதற்குள் நாவல்பழப் பருவம் வந்துவிட்டது. நாவல்பழம் மெத்தென்றிருக்கும், நல்ல கூடையில் வைக்காவிட்டால் நசுங்கிவிடும். கரடியார் கூடை வாங்கப் போனார். பின்னுகிறவன் விடுதலையாகிவிட்டான் என்று முள்ளம்பன்றி கையை விரித்தது. முயலுக்கும் மயிலுக்கும் கூடை வேண்டியிருந்தது. மூவரும் கூடிப் பேசி, யானை ராஜாவிடம் முறையிடப் போனார்கள்.

"அரசே, சடையனை மறுபடியும் சிறையில் போட வேண்டும்" என்றார் கரடியார்.

"என்ன குற்றம் செய்தான்?" என்று கேட்டார் யானை ராஜா.

"வேலைவெட்டி இல்லாமல் சுற்றுகிறான்."

"ஏன் வேலை இல்லை?"

"யாரும் கொடுக்கவில்லை. சிறையில் இருந்தவன் ஆயிற்றே."

"மறுபடி சிறையில் போட்டால்?"

"தங்கமான வேலைக்காரன், அரசே. அவனைப்போல் கூடை பின்ன இந்தக் காட்டில் ஆளில்லை." முயலும் மயிலும் தலையாட்டின.

ராஜா சிரிப்பைத் துதிக்கையால் மறைத்துக்கொண்டு, சடையனை வரவழைத்து, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

"அவர்கள் சொன்னபடியே செய்யுங்கள், அரசே" என்றான் சடையன். "வெளியே நான் திருடன். உள்ளே கூடை பின்னுகிறவனாகவாவது இருந்தேன்." சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

ராஜாவின் சிரிப்பு நின்றுபோனது. சற்று நேரம் காதுகளை ஆட்டிக்கொண்டு யோசித்தார்.

"அப்படியே ஆகட்டும். நாவல்பழப் பருவம் முடியும்வரை சடையனுக்குத் தண்டனை. குகையில் மழைநீர் ஒழுகுகிறது. அதனால் கரடியாரின் கடையில் அடையுங்கள். காலையில் அடைத்து மாலையில் விட்டுவிட வேண்டும். வயிறாரச் சாப்பாடு போட வேண்டும். பின்னுகிற கூடைக்குக் கூலியும் கொடுக்க வேண்டும்."

கரடியாருக்குத் தலைகால் புரியவில்லை. வழக்கில் ஜெயித்துவிட்டதாக வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

கடையில் கூடைகள் குவிந்தன. பழங்கள் நசுங்காமல் விற்றன. கொஞ்ச நாளில், அடைபட்டவன் கையிலேயே கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு மதியத்தில் குறட்டை விடக் கரடியார் பழகிக்கொண்டார். ஒரு பழம்கூடக் காணாமல் போகவில்லை.

பருவம் முடிந்தது. சடையன் கரடியாரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் புறப்படத் தயாரானான். கரடியார் பதறியடித்துக்கொண்டு ராஜாவிடம் ஓடி, தண்டனையை நீட்டிக்கச் சொன்னார். குற்றம் செய்யாதவனுக்குத் தண்டனை கிடையாது, வேண்டுமானால் அவனையே கேளுங்கள் என்று ராஜா சொல்லிவிட்டார்.

கரடியார் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, கடை வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "சடையா, என்னிடமே வேலைக்கு இருந்துவிடப்பா."

"சிறைக்குப் போய் வந்தவனை எப்படிக் கடையில் வைத்துக்கொள்வீர்கள், கரடியாரே?" என்று கேட்டான் சடையன்.



"எந்தச் சிறை?" என்றார் கரடியார். "நீ என் கடையில் அல்லவா இருந்தாய்?"

சடையன் சிரித்துக்கொண்டே சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

நீதி: தண்டனை முடிந்து வந்தவனைப் பழைய தவறைக் கொண்டு ஒதுக்காமல், அவன் உழைப்பைக் கொண்டு மதிக்க வேண்டும்.